முதுகுக்குக் கவசம் இல்லை

போன ஞாயிறு திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் கேட்ட கேள்விக்கு எல்லோரும் ஒரே குரலாகப் பதில் சொன்னீர்கள். பிசாசை விட்டோம், உலகத்தின் ஆடம்பரத்தை விட்டோம், மாம்சத்தின் இச்சையை விட்டோம் என்று. வெளியே அசனச் சோறு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையிலும் உங்கள் குரல் தடுமாறவில்லை. நானும் 1962-இல் அதே இடத்தில் நின்று அதையே சொன்னவன்தான். சொல்லிவிட்டு வெளியே வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, இலையில் கறித்துண்டு குறைவாக விழுந்ததற்காகப் பரிமாறியவரை மனசுக்குள் திட்டினேன். போராட்டம் அப்போதே தொடங்கிவிட்டது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லி நம் சபை ஐயர் கேட்டார். எழுபத்தெட்டு வயதில் பிரசங்கம் செய்ய மூச்சு இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எண் போட்டு எழுதுவது வாத்தியார் வேலை பார்த்தவனின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. நீங்கள் சொன்ன வார்த்தை மிகப் பழையது. நாலாம் நூற்றாண்டு எருசலேமில் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களை முதலில் மேற்கே பார்த்து நிற்க வைப்பார்கள். சூரியன் மறையும் திசை அது. அந்தப் பக்கம் கையை நீட்டி, சாத்தான் எதிரே நிற்பதுபோல அவனிடமே, உன்னை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். எருசலேம் பேராயர் சிரில் பெயரில் வழங்கும் போதனைகளில் இந்தச் சடங்கு விவரமாக இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது அந்தத் திரும்புதல்தான். ஒருமுறை சொல்லி முடித்ததும் கிழக்கே திரும்பிவிட்டார்கள். யாக்கோபும் தேவனுக்குக் கீழ்ப்படிவதை முதலில் வைத்து, பிசாசை எதிர்ப்பதை அடுத்ததாகத்தான் வைக்கிறார். எழுந்ததுமுதல் படுக்கும்வரை பிசாசைப் பற்றியே பேசுகிற விசுவாசிகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் இன்னும் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2. பைக் பஞ்சரானால் பிசாசு, அரியர் விழுந்தால் பிசாசு, மிக்ஸி ஓடாவிட்டாலும் பிசாசு என்பது ஒரு வகை. பிசாசாவது ஒன்றாவது, படித்தவன் பேசுகிற பேச்சா இது என்பது இன்னொரு வகை. இரண்டு பேரையும் அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. முதலாமவன் தன் தவறுக்கெல்லாம் பழி போட ஆள் கிடைத்தது என்று இருப்பான். இரண்டாமவன் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவான். 1942-இல் சி. எஸ். லூயிஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். மூத்த பிசாசு ஒருவன் தன் மருமகனான இளம் பிசாசுக்கு எழுதும் புத்திமதிக் கடிதங்கள் அவை. கிட்டத்தட்ட நான் உங்களுக்கு இப்போது எழுதுவது மாதிரிதான், கட்சி மட்டும் எதிர்க்கட்சி. அந்த மூத்தவனுக்குக் கொலை, கொள்ளை என்றெல்லாம் அவசரமே இல்லை. அம்மாவின் பேச்சில் வரும் சின்ன எரிச்சல், நல்ல யோசனையின் நடுவில் வரும் சாப்பாட்டு நினைப்பு, இவையே போதும் என்கிறான். புத்தகம் கிடைத்தால் படியுங்கள். சிரிப்பு வரும், பிறகு வராது.

3. எபேசியர் ஆறாம் அதிகாரத்தைத் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்தீர்கள். சர்வாயுதவர்க்கத்தில் என்னென்ன என்று கேட்டால் வரிசையாகச் சொல்வீர்கள்: கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, பட்டயம். இப்போது ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பகுதியில் ‘நில்’ என்கிற வினை எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். துரத்து, பிடி, ஜெயித்து வா என்று எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருக்காது. ஆறு பொருளில் ஐந்து காத்துக்கொள்வதற்கானவை. இதை எழுதியவர் கையில் சங்கிலி. அதையும் அவரே அந்த அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். ரோமில் அவருக்குக் காவலாக ஒரு போர்ச்சேவகன் இருந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரம் சொல்கிறது. கவசத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார் போல. ஆனால் மாதிரி அந்தச் சேவகன் மட்டுமல்ல. ஏசாயா 59-இல் நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிந்து வருகிறவர் கர்த்தரே. அவருடைய உடுப்பைத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். அளவு நமக்குப் பெரியதுதான்.

அந்தப் பட்டியலில் முதுகுக்கு ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பெட்ஃபோர்டு சிறையில் பல வருடம் கிடந்த ஜான் பனியன் கவனித்திருக்கிறார். 1678-இல் வந்த அவருடைய மோட்சப் பிரயாணத்தில் கிறிஸ்தியான் என்கிற பிரயாணி அப்பொல்லியோன் என்கிற பிசாசைப் பார்த்துப் பயந்து ஓட நினைப்பான். முதுகில் கவசம் இல்லையே என்று யோசித்துத்தான் நிற்பான். அவன் நின்றது வீரத்தால் அல்ல, வேறு வழியில்லாமல். இது எனக்கு ஆறுதலான விஷயம். நம் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அந்தக் கதையைத் தழுவித்தான் 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். வீட்டையும் உறவையும் எதிர்த்து நிற்பது என்ன என்று அவருக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

4. அப்படியானால் எப்போதும் நின்றே ஆக வேண்டுமா? இல்லை. அதே பவுல்தான் வேசித்தனத்துக்கு விலகி ஓடச் சொல்கிறார். தீமோத்தேயுவுக்கும் பாலியத்துக்குரிய இச்சைகளைக் குறித்து அதையே எழுதுகிறார். யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் வேதபாடம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. சட்டையை விட்டுவிட்டு ஓடினான். நான் கண்டவரையில் வாலிபப் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், உண்மை சொல்ல வேண்டிய இடத்தில், பழி கேட்டு நிற்க வேண்டிய இடத்தில் ஓடுகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, நான் எதிர்த்து நிற்கிறேன் தாத்தா என்கிறார்கள். அங்கே நிற்க உங்களுக்குக் கட்டளை இல்லை. பத்து மணிக்குப் போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு அறைக்குப் போங்கள். இதில் ஆவிக்குரியது என்ன இருக்கிறது என்று கேட்டால், யோசேப்பின் கால்களில் என்ன ஆவிக்குரியது இருந்ததோ அதுதான்.

5. தூங்குங்கள், சாப்பிடுங்கள். கர்மேல் மலையில் ஜெயித்த எலியா, அந்த ஜெயத்தின் சூடு ஆறுவதற்குள், சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டான். தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அடை சுட்டுக் கொடுத்தான், தூங்கவிட்டான், எழுப்பி இன்னொரு தரம் சாப்பிடச் சொன்னான்.

6. வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைக்கும் பதில் எடுத்தது ஒரே புத்தகத்திலிருந்து. உபாகமம், அதுவும் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரம். ஞாயிறு பள்ளியில் யாரும் ஆசையாகத் திறக்காத புத்தகம் அது. எதிரே நின்றவனும் வசனம் சொன்னான் என்பதை மறக்காதீர்கள், 91-ஆம் சங்கீதம். நம் வீடுகளில் வாசற்படிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிற அதே சங்கீதம். ஆகவே வசனம் தெரிந்தால் போதாது. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு வரியைப் பிய்த்து எடுத்துத் தாயத்து மாதிரி வைத்துக்கொள்வது அவனுடைய முறை.

எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்து 399-இல் மரித்த எவாக்ரியஸ் என்ற துறவி ஒரு புத்தகம் செய்தார். பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை என்று எட்டு நினைவுகளைப் பிரித்துக்கொண்டு, இன்ன நினைவு வந்தால் வேதத்திலிருந்து இன்னதைத் திருப்பிச் சொல் என்று பட்டியல் போட்டார். வாத்தியார் வேலைக்கு ஏற்ற ஆள். நீங்களும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அப்படி எழுதுங்கள். ஆனால் எட்டுக்கும் எழுதாதீர்கள். உங்களை அடிக்கடி வீழ்த்துவது எது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒன்றுக்கு மட்டும்.

7. அந்த எட்டில் சலிப்பு என்று சொன்னதை எவாக்ரியஸ் நண்பகல் பேய் என்கிறார். பட்டப்பகலில் வருவது. துறவி அறையில் உட்கார்ந்திருக்கிறான். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. சன்னலைப் பார்க்கிறான், சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று வெளியே வந்து வெயிலை அளக்கிறான், யாராவது பேச வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறான். இந்த வாழ்க்கையே வீண், வேறு இடத்துக்குப் போனால் நன்றாக இருப்பேன் என்று தோன்றுகிறது. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு அவர் சொன்ன மருந்து அறையை விட்டுப் போகாமல் இருப்பது. அவ்வளவுதான். எனக்கு இதைவிடச் சுவாரசியமான மருந்து ஒன்றும் தெரியவில்லை.

8. கோபத்தோடு சூரியன் அஸ்தமிக்க விடாதீர்கள், பிசாசுக்கு இடம் தராதீர்கள் என்று பவுல் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார். இடம் என்றால் கால் வைக்க ஒரு இடம். நம் ஊரில் இதை அவருக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர்கள் மாதிரி, இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள்.

நான் இடம் கொடுத்தவன். அப்பா காலமான பிறகு பாகம் பிரித்ததில் கிணற்றடிப் பாதை யாருக்கு என்று எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு முற்றியது. நாலு அடி அகலப் பாதை. பதினொரு வருடம் பேசவில்லை. ஒரே கோயிலில் நான் தெற்கு வரிசை, அவன் வடக்கு வரிசை. நற்கருணைக்கு முழங்கால் போடும்போது அவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று பார்த்து நான் மறுபக்கம் போவேன். அந்த வருடங்களில் ஞாயிறு பள்ளியில் மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பாடம் எடுத்தேன், நன்றாகவே எடுத்தேன். ஒரு பிசாசும் என் கனவில் வரவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. வர வேண்டிய தேவை என்ன, நானே இடத்தைப் பெருக்கிப் பாய் போட்டு வைத்திருந்தேனே. அம்மா மரித்த அன்று பெட்டியைத் தூக்க இரண்டு பேரும் தெரியாமல் ஒரே முனைக்கு வந்துவிட்டோம். நீ முன்னால போ அண்ணே என்றான். அவன் பிள்ளைகள் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை. அது திரும்பி வரவில்லை.

9. ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுமுன் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

வாலிப நாளில் நாங்கள் ஐந்தாறு பேர் ஜெபக்குழு நடத்தினோம். தெருவில் ஒரு பெண்பிள்ளை, பதினான்கு வயது. திடீரென்று விழுவாள், கை கால் வெட்டும், வாயில் நுரை தள்ளும். முடிவு கட்டிவிட்டோம். மூன்று ராத்திரி அவளை உட்காரவைத்துச் சுற்றி நின்று கத்தினோம். சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொன்னவன் நான். பெயர் சொல், எங்கிருந்து வந்தாய் என்று அதட்டினோம். பயத்தில் அந்தப் பிள்ளை ஏதோ ஒரு பெயரைச் சொல்லிற்று. எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். நாலாவது நாள் அவள் தாய்மாமன் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வலிப்பு நோய். மாத்திரையில் அடங்கிவிட்டது.

மத்தேயு நாலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவந்தவர்களைப் பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் என்கிற வலிப்புக்காரர், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. பதினேழாம் அதிகாரத்தில் பிசாசு துரத்தப்பட்ட சந்திரரோகிப் பையனைக் காட்டி என்னோடு வாதாட வருவீர்கள். வாருங்கள். அங்கேயும் பையனை யாரும் பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை, மூன்று ராத்திரி விழிக்க வைக்கவில்லை. பவுலோடு கூடவே போன லூக்கா வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்று வலிக்குப் பவுல் சொன்னதும் கைவைத்தியம்தான்.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி இறந்தார்கள். அது வேறு மதத்தார் ஊர் என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஆட்கள் நடத்திய ஜெபவீட்டிலும் சங்கிலியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. வீட்டில் யாராவது தனியாகப் பேசினால், தூங்காமல் இருந்தால், சாகப் போகிறேன் என்றால், முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. ராத்திரி நேரமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மெதுவாக ஜெபியுங்கள்.

பேய் ஓட்டுகிறேன் என்று புறப்பட்டவர்களின் கதை ஒன்று அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள். இயேசுவின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு போய், உடுப்பை இழந்து காயத்தோடு ஓடிவந்தவர்கள். விடுதலை தருகிறேன் என்று காணிக்கைக் கவரை முதலில் நீட்டுகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏழு பேர் ஞாபகம் வருகிறது.

10. அந்த ஏழு பேர் அடி வாங்கிய அதே எபேசுவில்தான் மாயவித்தைக்காரர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லோர் முன்னும் எரித்தார்கள். மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. ஒரு காசு ஏறத்தாழ ஒரு நாள் கூலி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்கள் அவற்றை விற்றிருக்கலாம், விற்கவில்லை. நம் பிள்ளைகள் வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் நடுங்குகிறார்கள். எடுத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். அதற்குப் பதிலாக ஜெப எண்ணெய்ப் பாட்டிலை நாலு மூலையிலும் தெளித்தால்தான் தூக்கம் வரும் என்றால், பழம் போய்ப் பாட்டில் வந்திருக்கிறது, பயம் அப்படியே இருக்கிறது.

11. சாத்தான் என்கிற எபிரெயச் சொல்லுக்கு எதிராளி, குற்றஞ்சாட்டுகிறவன் என்று அர்த்தம். சகரியா மூன்றாம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான், சாத்தான் அவன் வலதுபக்கத்தில் நின்று குற்றம் சாட்டுகிறான். வஸ்திரம் அழுக்குதான், குற்றச்சாட்டில் பொய் இல்லை. ஆனாலும் கர்த்தர் அதட்டுவது சாத்தானை. யோசுவாவுக்கு மாற்று உடை வருகிறது. உங்களுக்குள் இரண்டு குரல் கேட்கும். நேற்றுச் சாயங்காலம் அக்காவிடம் நீ சொன்னது பொய், போய்ச் சொல் என்பது ஒன்று. அது வலிக்கும், ஆனால் செய்ய ஒரு வேலை தரும். நீ எப்பவுமே இப்படித்தான், உன்னாலெல்லாம் முடியாது என்பது இன்னொன்று. அது எந்த வேலையும் தராது, மூலையில் உட்காரவைக்கும். முதல் குரலுக்கு எழுந்து போங்கள். இரண்டாவது குரல் வந்தால்தான் நிற்க வேண்டும்.

12. நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று படித்துவிட்டு, சபைத் தேர்தலில் எதிரணிக்காரரைப் பிசாசின் ஏஜெண்ட் என்கிறோம். அது போகட்டும். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை முழுவதுமாக விட வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் அதைவிடச் சபையை விடுவது மேல் என்று விலகினார்கள். இரண்டு நூற்றாண்டு ஆகப் போகிறது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சில ஊர்களில் நடுவே சுவர் நிற்கிறது. வரன் தேடும்போது ஜாதகம் கேட்க மாட்டோம், அது புறஜாதியார் வழக்கம். சாதி கேட்போம். பிசாசை விட்டேன் என்று சொன்ன நீங்கள், நாளைக்குக் கல்யாணத் தரகர் வந்து உட்காரும்போது வாய் திறப்பீர்களா? நான் என் மகள் கல்யாணத்தில் திறக்கவில்லை. நிற்க வேண்டிய இடம் அது, நான் காப்பி கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

13. ரோமச் சேவகனின் கேடகம் கழுத்துக்கும் முழங்காலுக்கும் இடையே மறைக்கும் அளவு பெரியது. ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் பிடித்தால் சுவர் மாதிரி நிற்கும். தனியாக நிற்பவனுக்கு அதுவே பாரம். கர்த்தருடைய ஜெபத்தின் கடைசி விண்ணப்பத்திலும் என்னை இரட்சியும் என்று இல்லை, எங்களை என்றுதான். ஆகவே உங்கள் தோல்வியைச் சொல்ல ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் சாட்சி சொல்ல வேண்டாம், ஸ்டேட்டஸிலும் வேண்டாம். ஒருவர் போதும், வாய் இறுகியவராகப் பாருங்கள்.

ஒன்பதாம் எண்ணில் எழுதினேனே, அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன ஞாயிறு அசனப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வருடமாகப் பார்த்தால் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், வேகமாகக் கடந்துவிடுவேன். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீடு வரை போகலாம் என்று இருக்கிறேன். சைக்கிள் மிதிக்க இப்போது முடியவில்லை. உங்களில் யாரிடமாவது வண்டி இருந்தால், ஐந்து மணிக்குக் கோயில் வாசலுக்கு வாருங்கள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். இடது காது கேட்காது, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வேண்டும்.